வேலிப்பருத்தியும் மஞ்சள் உப்பும்

உடம்பை விட்டு வெளியே எடுத்த பிறகும் தவளையின் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். உள்ளே சரியான அளவில் கரைத்த உப்புநீர் ஓடிக்கொண்டிருந்தால் போதும், மணிக்கணக்கில் துடிக்கும். முதன்முதலாக அதைப் பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள், இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சாயங்கால பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. தவளை எல்லாம் எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுனாமி வந்துபோன அடுத்த வருஷம் அது. மரக்காணம் உப்பளத்தை ஒட்டி எங்கள் வீடு. புதுச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் மருந்தியல் மேல்படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தேன். ஆய்வுக்கு ஆளுக்கொரு செடி எடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் மலையேறி, காடு சுற்றி, பெயரே வாயில் நுழையாத செடிகளைக் கொண்டுவந்தார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எங்கள் உப்பளத்து முள்வேலியில் படர்ந்து கிடந்த வேலிப்பருத்தியை ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு போய் வழிகாட்டியாக இருந்த மேடத்தின் மேசைமேல் வைத்தேன்.

மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்தத் தழையை ஒடித்தால் பால் வரும், பாலோடு ஒரு நாற்றமும் வரும். ஒருமுறை கையில் பட்டால் சோப்புக்கெல்லாம் அது மசியாது. எங்கள் பக்கம் அதை உத்தாமணி என்றும் சொல்வார்கள். கைக்குழந்தைக்குச் சளி கட்டினால், வயிறு உப்பினால், நாலு இலையைக் கசக்கி இரண்டு சொட்டுச் சாறு விடாத வீடு கிடையாது.

"கொழந்தைக்குக் குடுக்கிற தழைதானே, இதுல என்ன இருக்கப்போவுதுன்னு நெனைக்காதே. சளிக்கு வேலை செய்யுதுன்னா மூச்சுக்குழாய்த் தசையில ஏதோ பண்ணுது. வயித்துக்குன்னா குடல் தசையில பண்ணுது. அப்போ இதயத்தை மட்டும் சும்மா விடுமா? பாரு" என்றார் மேடம். "மொதல்ல உட்காரு. எப்பப் பார்த்தாலும் கால்ல வெந்நீர் ஊத்தின மாதிரியே நிக்கிற."

உட்கார எனக்கு வராது. இன்றைக்கும் வராது. ஆனால் அந்த வேலையோ உட்கார்ந்தே ஆக வேண்டிய வேலை. தழையை நிழலில் உலர்த்தி, இடித்து, சாராயத்தில் ஊறப்போட்டு, வடித்து, சுண்டவைத்தால் பாத்திரத்தின் அடியில் கரும்பச்சையாகப் பிசின் போல ஒட்டிக்கொள்ளும். அதுதான் சாறு. அதைத் திரும்பவும் நீரில் கரைத்து, சொட்டுச் சொட்டாக இதயத்துக்குள் விட வேண்டும். இதயத்தின் நுனியில் சின்னக் கொக்கி, கொக்கியில் நூல், நூலின் மறுமுனையில் நீளமான ஊசி போன்ற கோல். கோலின் முனை, புகை படியவைத்த காகிதம் சுற்றிய உருளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். இதயம் ஒருமுறை துடித்தால் கரிக்காகிதத்தில் வெள்ளையாக ஒரு கோடு ஏறி இறங்கும். உருளை நகர நகரக் கோடுகள் வரிசை கட்டும். நாம் வாயை மூடிக்கொண்டு, மூச்சுக்கூட மெல்ல விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

குடல் வேலைக்குக் கோட்டக்குப்பத்துக் கறிக்கடையில் காலையிலேயே சொல்லி வைப்பேன். கடைக்கார பாய், கோழியின் குடலில் நான் கேட்ட பகுதியை மட்டும் உப்புநீர் போத்தலில் போட்டுத் தருவார். "ஏம்மா, படிச்ச பொண்ணு, கறி வாங்காம குடல் வாங்கிட்டுப் போற" என்று தினமும் சிரிப்பார். இளஞ்சூட்டு நீரில் தொங்கவிட்டால் அந்தத் துண்டுக் குடல் தானாகவே நெளியும். நாம் சொல்லி அசையாத தசை அது. கருப்பையும் மூச்சுக்குழாயும்கூட அந்த இனம்தான். வேலிப்பருத்திச் சாற்றை விட்டதும் அது சுருண்டு இறுகியது. கழுவிவிட்டால் இளகியது, திரும்பச் சாறு விட்டால் திரும்ப இறுகியது. ஒரு தழைக்குள் இவ்வளவு பிடிவாதமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இதயத்தில் நடந்தது அதைவிடப் பெரிது. குறைந்த அளவு விட்டபோது கோடுகள் நிதானமாயின, ஆனால் ஒவ்வொன்றும் முன்னைவிட உயரமாக ஏறியது. சோர்ந்துபோயிருந்த இதயம் ஆளே மாறினாற்போல ஓங்கி ஓங்கித் துடித்தது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று மேடத்தைக் கூப்பிட்டேன்.

அன்றைக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள், கரண்ட் இல்லை. நான் நின்றபடியே கையைத் தூக்கிக் காட்டினேன்: சாறு விடுவதற்கு முன்னால் இவ்வளவு, விட்ட பிறகு இவ்வளவு.

"நம்ம வேலித் தழையா?" என்றார் அப்பா.

"நம்ம வேலியேதான்."

"எவ்ளோ ஊத்தின?"

"ரெண்டு சொட்டு. அதுவும் தண்ணியில கரைச்சு."

"தவளைக்கு ரெண்டு சொட்டு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ரசத்தைப் பிசைந்தார். அவர் எப்போதும் எதையாவது தனக்குள் சொல்லிக்கொள்கிறவர். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்பாவுக்கே இதயத்தில் கோளாறு இருந்தது. சின்ன வயசில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. நாற்பத்தைந்து தாண்டியதும் கால் வீங்கியது, நாலு நடை நடந்தால் மூச்சு இளைத்தது. புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். டிஜாக்ஸின் என்று பொடி மாத்திரை ஒன்று, நீர் பிரிய இன்னொன்று. பொடி மாத்திரையை வாரத்தில் ஐந்து நாள்தான் போட வேண்டும், சனி ஞாயிறு கிடையாது. "ஆபீஸ்காரன் மாத்திரைடா இது, லீவு எல்லாம் எடுத்துக்குது" என்று சித்தப்பாவிடம் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு லீவு என்று எதுவும் கிடையாது. அவரும் சித்தப்பாவும் சேர்ந்து கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவித்துக்கொண்டிருந்தார்கள். வாரி இழுக்கும் வேலையைச் சித்தப்பாவும் ஆட்களும் பார்த்தார்கள். அப்பா வரப்பில் நின்று வாயால் வேலை செய்தார்.

அடுத்தடுத்த வாரங்களில் அளவைக் கூட்டிப் பார்த்தேன். ஓங்கித் துடித்த இதயம் நடுநடுவே ஒன்றை விட்டுவிட்டுத் துடிக்க ஆரம்பித்தது. இன்னும் கூட்டியதும் இரண்டு துடிப்பு ஒட்டிக்கொண்டு வந்தது, பிறகு நீளமாக ஓர் இடைவெளி, பிறகு ஒன்று. கடைசியில் நின்றது. களைத்து விரிந்து நிற்கவில்லை. மூடிய முஷ்டியாக இறுகி நின்றது. மேடம் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டிஜிட்டாலிஸ்ங்கிற இதய மருந்து பண்றதை அப்படியே பண்ணுது" என்றார். "கொஞ்சமா இருந்தா மருந்து, கொஞ்சம் ஏறினா வெஷம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு விரக்கடைகூட எடம் கிடையாது. நல்லா வந்திருக்குது உன் வேலை."

அப்பாவின் பொடி மாத்திரையும் டிஜிட்டாலிஸ் வகைதான். அது மேடம் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. எங்கள் வேலியில் அப்பாவின் மாத்திரையே காய்த்துத் தொங்குகிறது என்று பஸ்ஸில் நினைத்துச் சிரித்துக்கொண்டுகூட வந்தேன்.

அந்த வருஷம் உப்பளத்தில் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான், சேறு. கடல் உள்ளே வந்து போனபோது பாத்திகளில் கறுப்பும் பழுப்புமாகச் சேற்றை இறக்கிவிட்டுப் போயிருந்தது. வாரிக் கொட்டி, மிதித்து இறுக்கி, திரும்பத் தண்ணீர் கட்டி, உப்பு பூக்க வழக்கத்தைவிட நாள் பிடித்தது. உப்புக்கு நிறம்தான் உயிர். கொஞ்சம் பழுப்படித்தாலும் வியாபாரி மூஞ்சியைச் சுளிப்பான், தோல் பதனிடப் போடத்தான் ஆகும் என்பான். ஆகவே சித்திரை வெயிலில் ஒருநாள் அப்பா வரப்பில் நின்று, "உப்பு மஞ்சளடிக்குதுடா" என்று கத்தியபோது யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. உப்பு மஞ்சளானால் சேறு என்று அர்த்தம். அங்கே பிறந்த யாருக்கும் வேறு அர்த்தம் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை.

சித்தப்பா ஆட்களைத் திட்டினார், பலகையை அழுத்தி இழுக்காதீர்கள், அடி மண் வருகிறது என்று. ஆட்கள் மேலாக வாரினார்கள். அப்பாவுக்கு அப்போதும் மஞ்சளாகத்தான் இருந்தது. பாத்தியைக் காயவிட்டுத் திரும்ப மிதிக்கச் சொன்னார். மிதித்தார்கள். புது உப்பு வந்தது. "போன தடவைக்கு இது மோசம்" என்றார். வியாபாரி வந்து ஒரு கை அள்ளிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்குது?" என்று எடுத்துக்கொள்ளத் தயாராக நின்றான். அப்பா தர மாட்டேன் என்றுவிட்டார். மட்ட உப்பை நல்லது என்று தள்ளிவிட்டவன் என்ற பேர் எனக்கு வேண்டாம் என்றார். கையில் கிடைத்ததை விட்டுவிட்டு நிற்கிற மனிதரைப் பார்த்தால் தம்பிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது.

வீட்டிலும் அதே கதை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். "அரிசி பழுத்துப்போச்சு, எங்க வாங்கின?" என்பார். அம்மா முணுமுணுத்தாள். "சாப்பிட மனசில்லன்னா இல்லன்னு சொல்லு. அரிசி மேல ஏன் பழி போடற?" வெறுங்குமட்டல் ஒன்றிரண்டு நாள் இருந்தது. வெயில் என்றார். வெயில்தான் என்றோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்கே வந்து என்னிடம் கெஞ்சினார். "நீ வந்து பாரும்மா. உப்பைப் பாரு, உங்கப்பனையும் பாரு. எனக்கென்னமோ அவரு வேணும்னே பண்றாருன்னு தோணுது. பங்கு பிரிச்சுக்கணும்னா நேரா சொல்லிடலாம் இல்ல?"

எனக்கு மறுநாள் மேடத்திடம் காட்ட வேண்டிய வேலை மலையாகக் கிடந்தது. எரிச்சலோடுதான் போனேன். வெயில் ஏறுவதற்கு முன்பே உப்பளம் கண்ணைக் கூச வைத்தது. குவியல்கள் வரிசையாக நின்றன. நான் ஒரு கை அள்ளினேன். சத்தியமாக வெள்ளை. துப்பட்டாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், துப்பட்டாதான் அழுக்கு.

"அப்பா, இது வெள்ளையாத்தான் இருக்குது."

"உனக்கு என்ன தெரியும்? தவளையப் பார்த்துப் பார்த்து உன் கண்ணு போச்சு."

"சித்தப்பாவுக்கும் போச்சா? வியாபாரிக்கும் போச்சா? இருக்கிறவன் எல்லாம் குருடு, நீ ஒருத்தன்தான் ஒழுங்கா?"

ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு நாக்கில் கட்டுப்பாடு கிடையாது என்பது ஊருக்கே தெரியும். அப்பா திருப்பிக் கத்தவில்லை. அதுவே சரியில்லை. அவர் மெல்ல வரப்பில் குந்தினார். காலுக்கடியில் சேறு, எதிரில் குவியல். மேலே கழிவெளி ஏரிப் பக்கமிருந்து ஒரு கொக்கு பறந்து வந்தது. அப்பா அதை அண்ணாந்து பார்த்தார்.

"தோ பாரு" என்றார் களைப்பாக. "கொக்குகூட மஞ்சளாயிடுச்சு. எல்லாத்தையும் கெடுத்துட்டுப் போயிடுச்சு அந்தக் கடல்."

உப்பில் சேறு கலக்கலாம். அரிசி பழுக்கலாம். வானத்தில் பறக்கிற வெள்ளைக் கொக்கு எப்படி மஞ்சளாகும்? பாடப் புத்தகத்தில் டிஜிட்டாலிஸ் நஞ்சு ஏறியதற்கான அடையாளங்கள் என்று படித்திருக்கிறேன்: பசி போகும், குமட்டும், நாடி விட்டுவிட்டு அடிக்கும், பார்க்கும் பொருள் எல்லாம் மஞ்சளாகத் தெரியும். பரீட்சையில் அதை எழுதி முழு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். மஞ்சள் உப்பிலும் இல்லை, சேற்றிலும் இல்லை. அப்பாவின் கண்ணில் இருந்தது.

அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். இரண்டு துடிப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு இடைவெளி. இடைவெளி நீண்டது. நான் மூச்சை விடாமல் காத்திருந்தேன். பிறகு ஒன்று. இந்தத் தாளத்தை நான் கரிக்காகிதத்தில் பார்த்திருந்தேன். அதற்கு அடுத்தது என்ன வரும் என்பதையும் பார்த்திருந்தேன்.

"மாத்திரை எத்தினி போடற?"

"சொன்னதுதான். ஒண்ணு."

"சனி ஞாயிறும் போடறியா? நெசத்தைச் சொல்லு."

"போடலம்மா. ஏன் கத்தற?"

சித்தப்பாவின் பைக்கில் நடுவில் அப்பாவை உட்காரவைத்து, பின்னால் நான் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தோம். கிடைத்த பஸ் எல்லா நிறுத்தத்திலும் நின்றது. ஒரு கூடைக்காரம்மா கூடையை ஏற்ற ஒரு யுகம் எடுத்துக்கொண்டாள். பொம்மையார்பாளையத்தில் டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போனார். நான் கண்டக்டரிடம் சண்டை போட்டேன், அழுதேன், திரும்பச் சண்டை போட்டேன். அப்பா ஜன்னலில் தலையைச் சாய்த்து, "விடும்மா, அவரும் மனுஷன்தானே" என்றார். அவர் கையை நான் விடவில்லை. விரலடியில் அந்தத் துடிப்பு ஒவ்வொரு முறை வரும்போதும் அடுத்தது வருமா என்றுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் என் வயசே இருக்கும் ஒரு டாக்டர். மார்பில் கம்பிகளை ஒட்டி எடுத்த காகிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. மாத்திரை அளவைக் கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது, இவ்வளவு ஏற வழியில்லையே என்றார். "வேற ஏதாச்சும் சாப்பிடறீங்களாய்யா? நாட்டு மருந்து, கஷாயம், லேகியம்?"

"இல்லீங்க" என்றார் அப்பா.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, டாக்டர்."

என்னைப் பார்க்காமல் சொன்னார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை. சிறுநீரகம் கெட்டு மருந்து வெளியேறாமல் தங்கியிருக்கலாம் என்று டாக்டர் இரத்தம் எடுத்தார். ஊசி போட்டார்கள். தலைமாட்டில் இதயத்துடிப்பைக் காட்டும் பெட்டியை வைத்தார்கள். பச்சைக் கோடு ஏறி இறங்கி ஓடியது.

மதியம் தாண்டி அம்மா வந்தாள், சித்தப்பாவோடு. ஒரு கையில் மாற்று வேட்டி, இன்னொரு கையில் மூடி இறுக்கிய தண்ணீர் போத்தல். என்னை வராந்தாவுக்கு இழுத்து, அழுதுகொண்டே அதை என் கையில் திணித்தாள்.

"காலையில இதக் குடிக்காமயே வரப்புக்குப் போயிட்டாரு. அதான் மயக்கம் போல இருக்குது. டாக்டர் பார்க்காத நேரமா நீயே குடுத்துடு."

மூடியைத் திறந்தேன். மூக்கில் ஏறியது அந்த நாற்றம். என் விரல் நகங்களில் மாசக்கணக்காகக் குடியிருந்த நாற்றம். அதனால்தான் வீட்டில் அது எனக்குத் தனியாகத் தெரியவில்லை.

"என்னம்மா இது?"

"என்னவா? நீ குடிக்கச் சொன்ன தழைதான். இதயத்துக்குத் தெம்புன்னு பொண்ணு சொல்லிச்சு, தினம் அரைச்சுக் குடுன்னாரு. அரைச்சுக் குடுக்கறேன். மொதல்ல ஒரு ஸ்பூன், இப்போ அரை டம்ளர்." என் முகத்தைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. "நீதானே சொன்னியாம்?"

நான் போத்தலோடு உள்ளே ஓடினேன். டாக்டரிடம் நீட்டினேன். வேலிப்பருத்தி என்றேன், பச்சைச் சாறு என்றேன், மாத்திரையோடு சேர்த்துத் தினமும் என்றேன். அவர் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இது இதயத்துக்கு என்ன பண்ணும்னு யாருக்குங்க தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றேன். சொல்ல ஆரம்பித்தேன். குறைந்த அளவில் நிதானமாகும், வலுக்கும். கூடினால் தாளம் தப்பும். இன்னும் கூடினால் என்று வந்தபோது வாய் வரவில்லை. கையை நீட்டி விரல்களை மடக்கி முஷ்டியாக இறுக்கிக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. அவர் யாரையோ கூப்பிட்டுக்கொண்டு வேகமாக நடந்தார்.

மாத்திரைகளை எல்லாம் நிறுத்தினார்கள். நீர்மாத்திரை உடம்பிலிருந்து பிரித்துவிட்ட பொட்டாசியத்தைத் துளித்துளியாக ஏற்றினார்கள். இதற்கு மேல் காத்திருப்பதுதான், உள்ளே போனது வெளியே வர வேண்டும் என்றார் டாக்டர். என்னைக் காத்திருக்கச் சொன்னால்? கட்டிலைச் சுற்றி வந்தேன். வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நர்ஸ் இரண்டு முறை அதட்டினாள். திரும்பி வந்து பெட்டியைப் பார்த்தேன். இரண்டு ஒட்டி, இடைவெளி, ஒன்று. தவளைக்கு இந்த நிலையில் நான் குழாயை மாற்றி வெறும் உப்புநீரை விட்டுக் கழுவிவிடுவேன், சில சமயம் மீளும். சில சமயம் மீளாது. மீளாததையும் காகிதத்தில் குறித்துக்கொண்டு அடுத்த தவளையை எடுப்பேன். இங்கே அடுத்தது கிடையாது. எனக்கு ஒரே அப்பா. பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மேல், அம்மா மேல், அந்த வேலி மேல்.

மறுநாள் காலையில் இடைவெளிகள் குறைய ஆரம்பித்தன. அதற்கடுத்த நாள் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர் இட்லி கேட்டார். சித்தப்பா வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல இட்லியோடு வந்தார். அண்ணனும் தம்பியும் உப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒரு பிற்பகல், அம்மா துணி அலசப் போயிருந்தபோது, நான் கேட்டேன். நல்லவிதமாகக் கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"உனக்கு அறிவு இருக்குதா? நான் எப்போ குடிக்கச் சொன்னேன்? டாக்டர் அத்தனை தடவை கேட்டாரே, அப்பயாவது சொல்ல வேணாம்?"

"சொன்னா உன் காலேஜுக்குத் தெரிஞ்சிடும். பொண்ணு பண்ற மருந்தைக் குடிச்சுதான் அப்பன் படுத்துட்டான்னு உன் படிப்பை நிறுத்திட்டா?"

"சரி, குடிச்சது எதுக்கு? தெம்பு வரும்னா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த கட்டிலை ஒருமுறை பார்த்தார்.

"நீ தவளைய அறுக்கற நாளு எதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "அன்னிக்கு நீ சோத்துல கை வெக்கறதில்ல. பசிக்கலன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்குவ. உங்கம்மா அந்தத் தட்டை அப்படியே நாய்க்குக் கொட்டுவா. தை மாசத்துலேருந்து பார்க்கறேன், எளைச்சுப் போயிட்ட."

"அதுக்கு?"

"நீ மருந்து தேடற அதே நோவுதானே எனக்கும். ஒரு மனுஷன் குடிச்சுப் பார்த்து, நல்லாயிருக்குதுன்னு நான் உன்கிட்ட வந்து சொல்லிட்டா, அத்தினி தவளை வேணாம் இல்ல? சீக்கிரம் முடிச்சுடுவன்னு நெனைச்சேன்."

ஆராய்ச்சி என்றால் அப்படி இல்லை அப்பா என்று விளக்க ஆரம்பித்தேன். முடியவில்லை. நான் சாப்பிடாமல் இருந்தது எனக்கே தெரியாது. களைப்பு, பஸ், வெயில் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கே தெரியாத ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு இந்த மனிதர் தினமும் காலையில் அந்த நாற்றத்தைக் கண்ணை மூடிக் குடித்திருக்கிறார். அவர் மார்பில் தலையை வைத்து அழ வேண்டும்போல இருந்தது, கம்பிகள் ஒட்டியிருந்தன. காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஏய், எல்லாரும் பார்க்கறாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதல் வேலையாக வேலியிலிருந்த கொடியை வேரோடு பிடுங்கி எரித்தாள். எனக்குத் தேவையான சாறு கல்லூரியில் ஏற்கெனவே இருந்தது. இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி, அதற்குத் தவளைகளும் பாக்கி. மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள், வேறு செடி தருகிறேன் என்றார். நிறுத்தவில்லை. அந்தத் தழை என்ன செய்யும் என்று தெரியாமல் எத்தனை வீடுகளில் சாறு பிழிகிறார்கள் என்ற நினைப்பு என்னை நிற்க விடவில்லை.

திரும்பத் தவளையை அறுத்த முதல் நாள், வேலை முடிந்து பஸ்ஸேறி வந்தேன். கை கால் கழுவினேன். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சோறு போடும்மா" என்றேன். முதல் கவளம் இறங்கியது. இரண்டாவது தொண்டையிலேயே நின்றது. அவர் வேறெங்கோ பார்ப்பதுபோல என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து அதை உள்ளே தள்ளினேன். பிறகு தட்டை அம்மா பக்கம் நீட்டி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.